உம்மைத்தொகை

பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே,
கோழிச்சோற்றுக் கடைக்கும் அடகுக்கடைக்கும் நடுவில்
எனக்கொரு மேசை, ஒரு கணினி,
பத்துமணிக்கு மேல் சூடேறி முனகும் ஒரு பிரிண்டர்.
பக்கத்துக்கு மூன்று வெள்ளி.
தமிழில் சொல்வதைத் தமிழில் எழுதிக்கொண்டு
பிறகு மலாயில் இறக்கித் தருவேன்.

பச்சையப்பன் வந்தது சனிக்கிழமை.
இடது காலில் மாவுக்கட்டு, வலது காலில் ஜப்பான் சிலிப்பர்.
சொக்சோவில் திருப்பியனுப்பிய தாளை
நெகிழிப்பையிலிருந்து உருவினார்.
தெரிந்த மலாயில் அவரே எழுதியது. தமிழில் சொன்னால்:

குலை விழுந்தது.
கால் உடைந்தது.
வேலை போனது.

மூன்றும் உண்மை.
ஒரே லயத்தில் குடியிருந்தும்
பேச்சுவார்த்தை இல்லாத மூன்று வீடுகள் போல நின்றன.
ஓரத்தில் சிவப்பு மையில் அதிகாரியின் கேள்வி:
தொடர்பு என்ன?

தொடர்புதான் என் பிழைப்பு.
முதல் புள்ளிக்கு ஒரு வால் இழுத்துக்
காற்புள்ளி ஆக்கினேன். பக்கத்தில் ஒரு சொல் வைத்தேன்.
குலை விழுந்தது, அதனால் கால் உடைந்தது.
முப்பது கிலோ செம்பனைக் குலை
அப்போதுதான் அவர் கால்மேல் வந்து விழுந்தது.

நிர்வாகத்தின் கடிதமும் பையில் இருந்தது.
அவர்களுக்கும் இலக்கணம் தெரியும்.
விபத்துக்கு வருந்துகிறோம், ஆனால்
என்று தொடங்கிப் பதினோரு வரி.
தொழிலாளர் பாதுகாப்புக் காலணி அணிந்திருக்கவில்லை,
அல்லது அணிந்தும் கவனமாக இல்லை.
அந்த அல்லதுவை வைத்தவர் யாரோ, கெட்டிக்காரர்.
எந்தக் கதவைத் திறந்தாலும்
உள்ளே பச்சையப்பன்தான் குற்றவாளி.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்றேன்.
"நானும் குலை வெட்டிக்கிட்டிருந்தேன்."

விரல் நின்றது.
மலாயின் 'டான்' தனியாள்,
இரண்டு பேருக்கு நடுவே ஒதுங்கி நின்றுகொள்ளும்.
நம் 'உம்' அப்படியில்லை.
ஒருவர் தோளில் ஏறினால்
இன்னொரு தோளைத் தேடும்.
நானும் என்றால், அடுத்த உம் யாருக்கு?

வெளியே பார்த்தார்.
சிரம்பான் பேருந்து நிற்கிற இடத்தில்
தொப்பியை முகத்தில் இறக்கிவிட்டு ஒருவன்
ஐஸ் மைலோ உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"ரொகிபுல். பங்களாதேஷ்.
பெர்மிட் முடிஞ்சு எட்டு மாசம்.
அரிவாளைப் போட்டுட்டு
ரோட்டு வரைக்கும் என்னைத் தூக்கினது அவன்தான்."
கொஞ்சம் நிறுத்தி,
"பேரு எழுதாதம்மா."

உம்மை அழித்தேன்.
நான் குலை வெட்டிக்கொண்டிருந்தேன்.
சரியான தனிவாக்கியம், பிழை சொல்ல ஏதுமில்லை.
பச்சையப்பன் திரையையே பார்த்தார்.
படிக்கத் தெரியும் அவருக்கு, மெதுவாக.
"அங்க ஏதாச்சும் போடேன்."

மலாயில் நான் என்பது சாயா.
அதன் பின்னால் ஒரு காற்புள்ளி போட்டேன்.
விதிப்படி அது அங்கே கூடாது.
எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே
மூச்சுவிடக்கூட இடம் தரமாட்டார்கள்.
இருந்தும் நின்றது,
சாயாவின் காலடியில்,
எதையோ தூக்கிக்கொண்டு குனிந்தவன் மாதிரி.

ஐந்து வெள்ளித் தாள் கொடுத்தார்.
மீதி வேண்டாம் என்றார்.
வாசல்வரை போய்,
திரும்பி வந்து வாங்கிக்கொண்டார்.

ஆறு வாரத்தில் பதில்.
என் வாக்கியத்தை எடுத்தெழுதியிருந்தார்கள்,
காற்புள்ளியோடு.
படிக்காமல் நகலெடுத்த அந்தக் கை
நன்றாயிருக்கட்டும்.
கீழே, தொகை.

இலக்கணத்தில் தொகை என்றால் மறைந்து நிற்பது.
பேங்க் கவுண்டரில் தொகை என்றால் பணம்.
பச்சையப்பன் நேரே அங்கிருந்து வந்தார், ஊன்றுகோலோடு.
என் மேசைமேல் வைத்து எண்ணினார்.
இரண்டாகப் பிரித்தார்.
ஒரு பாதியைச் சட்டைப்பையில் வைத்தார்,
மற்றதைக் கையில் பிடித்தபடி
பேருந்து நிற்கிற இடத்தைப்
பார்த்துக்கொண்டே இருந்தார்.